வொண்டர்லா: உள்ளேயே ரிசார்ட்டா, வெளியே லாட்ஜா? (கிருஷ்ணகிரி பக்கம், 5 பேர், 15,000 ரூபாய்)

காவேரிப்பட்டணம்_5பேர்:

வணக்கம். காலாண்டு லீவுல பெங்களூரு வொண்டர்லா (மைசூரு ரோட்டுல பிடதி பக்கம் இருக்கிற தீம் பார்க்) போறதா வீட்டுல முடிவாயிடுச்சு. நாங்க ரெண்டு பேர், பையன் (11 வயசு, 143 செ.மீ.), பொண்ணு (4 வயசு, 98 செ.மீ.), அம்மா (63). எல்லாம் சேர்த்து 15,000க்குள்ள முடியணும்.

சொந்தக்காரங்க கார் கிடைக்கலாம். இல்லன்னா வாடகை வண்டி, அதுவும் இல்லன்னா பஸ்.

பார்க்குக்குள்ளேயே இருக்கிற ரிசார்ட்ல ரூம் போடலாமா, பிடதி, கெங்கேரி, ஓசூர்னு வெளியே எங்கயாவது தங்கலாமா? முந்தின நாள் ராத்திரியே போயிடணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

-----

ராயக்கோட்டை_ரோடு:

உள்ளேயா வெளியேயான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, எந்த ராத்திரி தங்கறதுன்னு முடிவு பண்ணுங்க. பணம் வீணாகிறது அங்கதான்.

பார்க் காலையில 11 மணிக்குத்தான் திறக்கும். கிருஷ்ணகிரியில இருந்து தூரம் 115-120 கி.மீ., கார்ல ரெண்டரை மணியில இருந்து மூணு மணி நேரம். ஆறரைக்குக் கிளம்பினா நின்னு சாப்பிட்டுப் போனாலும் பத்தரைக்கு கேட்ல இருப்பீங்க. அப்புறம் எதுக்கு முந்தின நாள் ரூம்? ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நினைச்சுக்கிட்டு முதல் நாள் சாயந்திரமே போய் இறங்கறவங்க, ஒரு ராத்திரி வாடகையைத் தூங்கறதுக்கு மட்டும் கட்டறாங்க.

ரூம் தேவைப்படுதுன்னா அது பார்க் முடிஞ்ச ராத்திரிக்குத்தான். வார நாள்ல 6 மணிக்கும், சனி ஞாயிறுல 7 மணி வாக்குலயும் மூடுவாங்க. அந்த நேரத்துல தண்ணியில ஊறின பசங்களையும் 63 வயசு அம்மாவையும் உட்கார வெச்சு, நாள் முழுக்கச் சுத்தின ஒருத்தரே 120 கி.மீ. ஓட்டணும். ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்ட முடியும்னா பத்தரைக்கு வீடு வந்து சேரலாம். ஒரே டிரைவர்னா தங்கிட்டு வாங்க.

வழியில மூணு விஷயத்தைக் கவனிங்க.

முதல்ல நேரம். அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா எல்லாம் எட்டரையில இருந்து பத்து மணி வரைக்கும் கம்பெனி பஸ்ஸால நகராது. ஏழரைக்கு ஓசூரைத் தாண்டிடணும்.

அடுத்து எலக்ட்ரானிக் சிட்டி. மேம்பாலத்துல ஏறாதீங்க. ஏறினா ஊருக்குள்ள சில்க் போர்டு சிக்னல்ல கொண்டுபோய் விட்டுடும், அதுக்கு டோல் வேற. கீழ் ரோட்டுலயே போய் நைஸ் ரோட்டை (ஊரைச் சுத்திப் போற டோல் ரோடு) பிடிச்சா, ஊருக்குள்ள போகாம நேரா மைசூரு ரோட்டுல இறங்கலாம். நைஸ் ரோடு டோலுக்குக் கையில ரொக்கம் இருக்கட்டும், பாஸ்டேக்கை மட்டும் நம்பிக்கிட்டுப் போகாதீங்க.

மூணாவது மைசூரு ரோடு. கும்பளகோடு தாண்டினதும் எக்ஸ்பிரஸ் வேக்குள்ள நுழையாம சர்வீஸ் ரோட்லயே போங்க. உள்ளே போயிட்டா டோலும் கட்டி, பிடதியையும் தாண்டிப் போய் யூ-டர்ன் தேடணும். பைக்ல போறவங்க இதைப் படிச்சா ஒரு வார்த்தை: 2023 ஆகஸ்ட்ல இருந்து அந்த எக்ஸ்பிரஸ் வேயில டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி கிடையாது. சர்வீஸ் ரோடுதான்.

-----

தருமபுரி_கணக்கு:

மேல சொன்னது சரி. இப்ப 15,000ஐப் பிரிச்சுப் பாருங்க. டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், வார நாளுக்கு ஒண்ணு, கூட்ட நாளுக்கு ஒண்ணு. அதனால இங்க போட்டிருக்கிறது கணக்குக்காக மட்டும். உங்க தேதியைப் போட்டு அவங்க தளத்துல பார்த்துக்கோங்க.

முக்கியமான விஷயம், பார்க்ல பசங்களுக்கு டிக்கெட் வயசைப் பார்த்துப் போடறது இல்ல, உயரத்தைப் பார்த்துத்தான். 85 செ.மீ.க்குக் கீழ இலவசம், 85ல இருந்து 140 வரைக்கும் சின்னவங்க டிக்கெட், அதுக்கு மேல பெரியவங்க டிக்கெட். உங்க பையன் 143, அதனால ஸ்கூல் ஐ.டி. காட்டினாலும் பெரியவங்க டிக்கெட்தான். இதுல லாபமும் இருக்கு. பெரிய ரோலர் கோஸ்டர் மாதிரி ரைடு நிறையத்துக்கு 140 வேணும், அதுல எல்லாம் அவன் ஏறலாம். அம்மாவுக்கு சீனியர் சிட்டிசன் விலை உண்டு, ஆதார் அசல் எடுத்துட்டுப் போங்க. அவங்க எந்த ரைடும் ஏறப் போறதில்லன்னாலும் உள்ளே வரணும்னா டிக்கெட் வேணும்.

பெரியவங்க 1,600, சின்னவங்களுக்கும் சீனியருக்கும் 1,250ன்னு வெச்சுக்கிட்டா:

டிக்கெட் (3 பெரியவங்க + 1 + 1): 7,300
பெட்ரோல், 250 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. கணக்குல 17 லிட்டர்: 1,750
டோல், போக வர: 600
பார்க்கிங், லாக்கர், நீச்சல் டிரெஸ்: 900
சாப்பாடு, ரோட்டுலயும் உள்ளேயும்: 2,000

மொத்தம் 12,550. மீதி 2,450. இதுல ரிசார்ட் ரூம் வராது. டபுள் ரூமோட எக்ஸ்ட்ரா பெட் ஒண்ணு போட்ட சாதா ஹோட்டல்தான் வரும். அப்ப உங்க கேள்விக்குப் பதில் பட்ஜெட்டே சொல்லிடுச்சு.

உள்ளேதான் தங்கணும்னு இருக்கிறவங்க வாடகைக்கு மேல வர்ற வரியைப் பாருங்க. ஆன்லைன்ல பெரிய எழுத்துல போட்டிருக்கிற விலையில பெரும்பாலும் வரி சேர்ந்திருக்காது. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு ராத்திரி வாடகை 7,500 வரைக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினா 18 சதவீதம். 7,500 ரூபாய் ரூமுக்கு மொத்தம் 7,875. 7,600 ரூபாய் ரூமுக்கு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துத் தொண்ணூத்து மூணு ஆயிடுது. அந்த எல்லைக்குப் பக்கத்துல விலை நின்னா ஒரு நாள் தள்ளிப் போட்டுப் பாருங்க, இல்ல சின்ன ரூமா எடுங்க.

-----

டிராவல்ஸ்_மேசை:

வாடகை வண்டின்னா மேல போட்ட கணக்கு அப்படியே மாறிடும். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

வெளியூர் வாடகைக்கு நாளுக்குக் குறைஞ்சபட்ச கிலோமீட்டர்னு ஒண்ணு உண்டு. 250, சில பேர் 300. நீங்க போயிட்டு வர்றதே 250தான். காலையில போய் ராத்திரி திரும்பினா ஒரு நாள் கணக்கு: கிலோமீட்டருக்கு 14 ரூபாய்னா 3,500, டிரைவர் பேட்டா 500, ஆக 4,000. ஒரு ராத்திரி தங்கினீங்கன்னா வண்டி சும்மா நின்னாலும் ரெண்டு நாள் கணக்கு. 7,000 + 1,000. அதாவது 2,000 ரூபாய் லாட்ஜுக்காக வண்டிக்கு 4,000 கூட. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதனால வாடகை வண்டின்னா தங்காதீங்க, அன்னைக்கே திரும்பிடுங்க. டிரைவர் பகல்ல பார்க்கிங்லயே தூங்கி எழுந்துடுவார், ராத்திரி ஓட்டறதுக்குத் தெம்பா இருப்பார். உங்களுக்குப் பின் சீட்டு தூக்கம்.

பேசும்போது நாலு விஷயத்தை வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிடுங்க: டோல் யார் கட்டறது, பார்க்கிங் யார் கட்டறது, பேட்டா எத்தனை மணிக்கு மேல இன்னொரு நாளா கணக்காகும், கர்நாடகா பெர்மிட் இருக்கா. கடைசி ரொம்ப முக்கியம். மஞ்சள் போர்டு வண்டிக்கு ஆல் இந்தியா பெர்மிட் இல்லன்னா எல்லையில தனியா வரி கட்டணும், அது உங்க தலையில விழும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குப் பேசினா சோதனையில மாட்டும்போது பாதி வழியில நிப்பீங்க. இதுல மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க.

-----

மெட்ரோ_மாறி:

பஸ்ல போறவங்களுக்கு நான் சொல்றேன். கிருஷ்ணகிரியில ரயில்வே ஸ்டேஷனே கிடையாது. தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரங்களுக்கு ஓசூர் வழி ரயில் இருக்கு, ஆனா பதினொரு மணிக்கு கேட்ல நிக்கற மாதிரி வண்டி உங்க தேதியில இருக்கான்னு பார்த்துக்கிட்டு முடிவு பண்ணுங்க. வந்தே பாரத்தை நம்பினா மதியத்துக்கு மேலதான் பெங்களூரு.

2025 ஆகஸ்ட்ல மெட்ரோ மஞ்சள் லைன் வந்ததுக்கு அப்புறம் பஸ் வழி சுலபம் ஆயிடுச்சு. கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூரு பஸ் ஏறி பொம்மசந்திராவுல இறங்குங்க, ஊருக்குள்ள சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போக வேண்டாம். அங்க மஞ்சள் லைன்ல ஏறி ஆர்.வி. ரோடு. இறங்கி பச்சை லைன்ல மெஜஸ்டிக். மறுபடி மாறி ஊதா லைன்ல கடைசி ஸ்டேஷன் சல்லகட்டா. ஒரு டிக்கெட் சுமார் 90 ரூபாய். மூணு அடிக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு மட்டும்தான் மெட்ரோ இலவசம், உங்க பொண்ணு 98 செ.மீ., அதனால டிக்கெட் எடுக்கணும். சல்லகட்டாவுல இருந்து பிடதி, ராமநகரம் போற பஸ்ஸோ ஆட்டோவோ.

நேரம் கூட்டிப் பாருங்க. பஸ் ஒண்ணே முக்கால் மணி, மெட்ரோ மாறி மாறி ஒண்ணே முக்கால் மணி, கடைசித் துண்டு முக்கால் மணி. நாலு மணி நேரத்துக்கு மேல. போறப்ப ஓகே. ராத்திரி ஏழு மணிக்கு ஈரத் துணி மூட்டையோட இதையே தலைகீழா செஞ்சா வீடு சேரும்போது நடுராத்திரி. பஸ்ல போறவங்களுக்கு ரூம் கட்டாயம். பிடதியை விட கெங்கேரி நல்லது. மெட்ரோ பக்கத்துல இருக்கு, சாப்பாட்டுக்கு நடந்து போகலாம், மறுநாள் காலையில கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி கிளம்பிடலாம்.

சின்னதா ஒண்ணு. கர்நாடகாவுல பெண்களுக்கு பஸ் இலவசம்னு நினைச்சுப் போகாதீங்க, சக்தி திட்டம் அந்த மாநிலத்துக்காரங்களுக்கு மட்டும். நம்ம ஆதாரைக் காட்டினா டிக்கெட் எடுக்கச் சொல்லுவாங்க. நம்ம ஊர் விடியல் பயணமும் டவுன் பஸ்ஸுக்குத்தான், பெங்களூரு பஸ்ஸுக்கு இல்ல.

-----

அரூர்_அக்கா:

எல்லாரும் ரிசார்ட் வேண்டாம்னே சொல்றீங்க. நாலு வயசுக் குழந்தையும் 63 வயசு அம்மாவும் இருக்கிற வீட்டுக்கு அது அவ்வளவு நேரான கணக்கு இல்லங்க.

உள்ளே தங்கறதுக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு, மதியத் தூக்கம். நாலு வயசு ரெண்டு மணிக்கு மேல தாங்காது. அழ ஆரம்பிச்சா பெரியவங்க ஒருத்தர் அதோட ஓரமா உட்கார்ந்துடணும், அதாவது 1,600 ரூபாய் டிக்கெட் பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு இருக்கும். பக்கத்துலயே ரூம் இருந்தா பாட்டியும் பேத்தியும் ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்து நாலு மணிக்கு வரலாம். ஆனா அதுக்கு ரெண்டு விஷயம் ஒத்து வரணும். ரூமுக்குப் போயிட்டு அதே டிக்கெட்ல மறுபடி பார்க்குக்குள்ள விடணும். மதியத்துக்குள்ள ரூம் கைக்கு வரணும். செக்-இன் சாயந்திரம்தான்னா, மறுநாள் காலையில காலி பண்ணச் சொன்னா, அந்த ரூம் உங்களுக்கு லாட்ஜ்தான். கொஞ்சம் விலை கூடின லாட்ஜ்.

ஆகவே பணம் கட்டறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க: வாடகையில பார்க் டிக்கெட் சேர்ந்திருக்கா, இல்ல தனியா? சேர்ந்திருக்குன்னா எத்தனை பேருக்கு, ஒரு நாளைக்கா ரெண்டு நாளைக்கா? காலை டிபன் எத்தனை பேருக்கு? எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு? தேதி மாத்தினா பணம் திரும்புமா? குழந்தை விஷயத்துல ஒரு குழப்பம் வரும். பார்க் உயரத்தைக் கேட்கும், ஹோட்டல் வயசைக் கேட்கும். உங்க பையன் பார்க்ல பெரியவன், ரூம்ல சின்னப் பையனா இருக்கலாம். ரெண்டையும் தனித்தனியா கேட்டுடுங்க.

டிபன் சேர்ந்த ரூம், சேராத ரூம்னு ரெண்டு விலை இருந்தா சேராததை எடுங்க. பிடதியில தட்டு இட்லி இருக்கிற ஊர்ல யாராவது பஃபேயில போய் நிப்பாங்களா?

-----

ராயக்கோட்டை_ரோடு:

அக்கா சொன்னதை ஒத்துக்கறேன், மதியத் தூக்கம் நல்ல பாயிண்ட்.

வெளியே எங்கேன்னு சொல்லாம விட்டுட்டேன். பிடதி தொழிற்பேட்டை ஊர். டொயோட்டா கம்பெனி அங்கதான். அந்த ஹோட்டல்கள் கம்பெனி ஆளுங்களுக்காகக் கட்டினது, ரூம் சுத்தமா இருக்கும், அலங்காரம் இருக்காது. போன்ல பேசினா விலை இறங்கும், முக்கியமா சனி ஞாயிறு. 24 மணி நேர செக்-அவுட் இருக்கான்னு கேளுங்க. ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே போறவங்களுக்கு அதுதான் சரி, மறுநாள் மெதுவாக் கிளம்பலாம்.

ஓசூர்ல ரூம் போடறது உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. ஓசூர் வந்துட்டா கிருஷ்ணகிரி 50 கி.மீ.தான், ஒரு மணி நேரத்துல சொந்தக் கட்டில். அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிக்காரங்களுக்கு ஓசூர் நல்ல நிறுத்தம்.

தங்கினா மறுநாளைச் சும்மா விடாதீங்க. திரும்பற வழியிலேயே நைஸ் ரோட்டுல பன்னேர்கட்டா எக்ஸிட் வரும், உயிரியல் பூங்கா அங்கிருந்து கிட்ட. செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. அதுக்கு பட்ஜெட் பத்தாதுன்னா ராமநகரம் பக்கம் ஜானபத லோகா இருக்கு, நாட்டுப்புறக் கலை மியூசியம், செலவு கம்மி. என்ன, அது வீட்டுக்கு எதிர்த்திசை.

-----

காவேரிப்பட்டணம்_5பேர்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கார் கிடைச்சா பிடதியில அன்னைக்கு ராத்திரி மட்டும். கிடைக்கலன்னா வாடகை வண்டி, அதே நாள் திரும்பறது. தேதி மட்டும் காலாண்டு லீவுல ஆயுத பூஜையை ஒட்டிப் பார்க்கிறேன். சரியா வருமா?

-----

தருமபுரி_கணக்கு:

வராது. வருஷத்துல அந்த ரோட்டுக்கு மோசமான வாரமே அதுதான். மைசூரு தசரா. கர்நாடகா பள்ளிகளுக்கும் அப்பதான் லீவு, பெங்களூரே மைசூருக்குக் கிளம்பும், நடுவுல பிடதி. பார்க் டிக்கெட் கூட்ட நாள் விலை, பிடதி லாட்ஜ் பேசின விலைக்குக் கிடைக்காது, கியூ நீளம். பத்தாததுக்கு செப்டம்பரும் அக்டோபரும் பெங்களூருக்கு மழை மாசம். இடி மின்னல் வந்தா உயரமான ரைடு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, சாயந்திரம் ரெண்டு மணி நேரம் அப்படியே போகும்.

காலாண்டுலதான் போகணும்னா தசராவுக்குத் தள்ளி இருக்கிற செவ்வாய், புதன், வியாழன்ல ஒண்ணு. பொறுக்க முடியும்னா இன்னொரு வழி: நமக்கு லீவு, அவங்களுக்கு வேலை நாளா இருக்கிற தேதியைத் தேடுங்க. மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் ரெண்டும் நமக்கு லீவு. அவங்களுக்கு சங்கராந்தி ஒரு நாளோட முடிஞ்சது. அது வார நாள்ல வந்தா பார்க் காலியா இருக்கும், விலையும் வார நாள் விலை. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேருக்கு உள்ளூர் விடுமுறை விட்டாங்கன்னா அதுவும் அதே மாதிரி.

சென்னைக்குப் போகலாமேன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. 2025 டிசம்பர்ல அங்க புதுசா வொண்டர்லா திறந்தாங்கதான். ஆனா நம்ம பக்கத்துல இருந்து பிடதியை விட ரெண்டு மடங்குக்கு மேல தூரம், கட்டாயம் தங்கணும்.

-----

அரூர்_அக்கா:

துணி விஷயம் யாருமே சொல்லல. தண்ணி ரைடுக்கு நைலான், பாலியஸ்டர் டிரெஸ் மட்டும்தான் விடுவாங்க. காட்டன் சுடிதார், ஜீன்ஸ், சேலை, வேட்டி எதுவும் ஆகாது. பருத்தி நூல் பிரிஞ்சு பில்டரை அடைக்கும், நனைஞ்சா கனத்துத் தொங்கி சறுக்குல மாட்டும். ஜிப், மெட்டல் பட்டன் இருந்தா சறுக்கோட பைபரைக் கீறும். அங்கேயே வாங்கினா விலை கையைக் கடிக்கும், கிருஷ்ணகிரியிலேயே ஸ்போர்ட்ஸ் கடையில நைலான் டி-ஷர்ட்டும் அரைக்கால் டிரவுசரும் எடுத்துடுங்க. பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழ வர்ற நைலான் லெக்கிங்ஸ். அம்மா தண்ணியில இறங்க மாட்டாங்கன்னா சேலையிலேயே வரட்டும், ஆனா பசங்களைப் பிடிக்கக்கூட அலைக்குளத்துக்குள்ள விட மாட்டாங்க. யார் உள்ளே இறங்கிப் பசங்களைப் பார்த்துக்கறதுன்னு முன்னாடியே பேசிக்கோங்க.

வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டாங்க. குழந்தைக்கு வேண்டியதும் மருந்தும் மட்டும் காட்டிட்டு எடுத்துட்டுப் போகலாம். புளிசாதம், தயிர்சாதம் காருக்கு.

11 மணிக்கு உள்ளே போனதும் காஞ்ச ரைடுகளை முடிங்க, தண்ணி ரைடு கொஞ்சம் தாமதமாத்தான் ஆரம்பிப்பாங்க. ஒண்ணரைக்குத் தண்ணியில இறங்கினா நாலரைக்கு ஏறிடணும். மூடற நேரத்துக்கு எல்லாரும் ஒண்ணா டிரெஸ் மாத்த வருவாங்க, அந்தக் கூட்டத்துல குழந்தையோட ஈரத்துல நிக்க முடியாது. ஆளுக்கு ஒரு துண்டு, ஈரத் துணிக்கு கெட்டியான கவர் ரெண்டு. திரும்பற வழியில முதல் அரை மணி நேரம் கார்ல ஏசி போடாதீங்க, குழந்தை தலை ஈரமா இருக்கும்.